மலைப்பக்கத்து ஜூலு

அன்புள்ள செல்லக்கனிக்கு, வில்லிபுத்தூரில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே தென்னாப்பிரிக்காவில் நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் மில்லில் புதிதாகச் சேர்ந்த நொம்சாவின் கை உருளைக்குப் பக்கத்தில் போனது. "மிஷினை நிறுத்து!" என்று ஜோகன்னஸ்பர்க்கில் கற்ற ஜூலு மொழியில் கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. ஓடிப்போய் நானே நிறுத்தினேன். அவள் விரலில் சின்னக் கீறல்தான், பயப்படாதே.

"நீங்க பேசுறது ஜோகன்னஸ்பர்க் ஜூலு. எங்க மலைப்பக்கம் வேற" என்று அப்புறம் எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

முன்பு எத்தியோப்பியாவில் வேலை பார்த்தபோது, தலைநகர் அடிஸ் அபாபாவில் பேசும் அம்ஹாரிக் மொழியை வைத்தே கொஜ்ஜம் பகுதியிலும் சமாளித்தேன். அங்கே பேச்சின் இழுவைதான் மாறியது. இங்கே எனக்குச் சொல்லே மாறுகிறது.

கூட வேலை பார்க்கும் ராஜபாளையத்துத் தவசிமுத்து, "ஏலே, சைகை போதும், விடு" என்றார்.

"கை போனா சைகையா திருப்பித் தரும், அண்ணாச்சி?" என்றேன். தினமும் சாப்பாட்டு நேரத்தில் நொம்சாவிடம் அவர்கள் பேச்சைக் கற்கிறேன். கற்காமல் விடமாட்டேன்.

பருப்புப்பொடி அனுப்பு. உன் குரலையும் போனில் பதிந்து அனுப்பு, திட்டினாலும் சரி. ஷிப்ட் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

எட்வின்