பழவேற்காட்டு ஏரியில் நமக்கென்று ஒரு படகு

அன்புத் தோழிக்கு,

தூண்டிலுக்கு வாங்கிய இறாலை என் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டு மாடி வீட்டுப் பெண் வந்தாள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவள். பையைத் திறந்ததும் அந்த உப்பு வாடை கூடமெல்லாம் பரவியது.

"டீச்சரம்மா, நாளைக்கு நாங்கல்லாம் ஒரு படகு வாடகைக்குப் பேசிக்கினு பழவேற்காட்டு ஏரிக்கு மீன் புடிக்கப் போறோம். அங்க எப்பிடி இருக்கும்? நீங்க போய்க்கிறீங்களா?"

போயிருக்கிறேன் என்றேன். யாரோடு என்று அவள் கேட்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அப்போது சத்தியவேட்டில் நான் பள்ளிக்கூட டீச்சர், நீ ஆஸ்பத்திரி நர்ஸ். நானும் என்னைப் பெற்ற நைனாவும் இருந்த வீட்டின் பின்கட்டில் நீ குடியிருந்தாய். மாநில எல்லையை மாற்றியதில் நம் ஊர் ஆந்திராவுக்கு என்று முடிவாகி, உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு எந்தப் பக்கம் விருப்பம் என்று கேட்டிருந்தார்கள். நீ என்ன சொன்னாய் என்று கேட்க எனக்குப் பயம். நீயாகவும் சொல்லவில்லை. ஒரு நாள் திடீரென்று, "வாமே, ஏரில மீன் புடிக்கலாம்" என்றாய். இரண்டு பெண்கள் தனியாகவா என்று நைனா முணுமுணுத்தார். "உனுக்கும் ஒண்ணு கொணாரேன் நைனா" என்று அவர் வாயை அடைத்தாய்.

தடாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரையில் ஒரு படகைப் பகல் முழுவதற்கும் பேசினோம். படகுக்காரர் கிளம்புமுன்பே கறாராகச் சொல்லிவிட்டார்: "மீன் கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். வெயிலு சுடும். மத்தியானத்துக்கு மேல காத்து திரும்பும். படகுல எழுந்து மட்டும் நிக்காதீங்க."

அவர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளத் தள்ள, கரை மெல்லிய கோடாகிவிட்டது. தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மீன்கள் இறாலை மட்டும் தின்றுவிட்டு முள்ளை நமக்கே திருப்பித் தந்தன. "நம்மள நல்லாப் புரிஞ்சிக்கினு துன்னுதுங்க" என்றாய். உச்சிவெயிலில் உன் தூண்டிலில் ஒரு கெளுத்தி மாட்டியது. பிரசவம் பார்த்தவளைப் போல அதைத் தூக்கிக் காட்டினாய்.

பிறகு காற்று திரும்பியது. வெயிலுக்குப் பிடித்திருந்த குடை பறந்தது. அதைப் பிடிக்க நீ எழுந்தாய், உன்னைப் பிடிக்க நான் எழுந்தேன். இருவரும் தண்ணீரில் விழுந்தோம். நீச்சல் இருவருக்கும் தெரியாது. நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியது இன்னும் கேட்கிறது. படகுக்காரர் அசையவே இல்லை.

"நிலபடண்டம்மா! எழுந்து நில்லுங்க! முட்டித் தண்ணிதான்!"

நின்றோம். அவ்வளவு பெரிய ஏரி நம் முழங்காலோடு நின்றுவிட்டது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். நான் நிறுத்திய பிறகும் உன் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அது சிரிப்பு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"மெட்ராஸ் பக்கம்னு எழுதிக் குட்த்துட்டேன்மே. நீயும் வந்துடு."

"நைனா நெலத்த வுட்டு வரமாட்டாரு."

"தெரியும். இருந்தாலும் கேக்கணுமில்ல."

அந்தக் கெளுத்தியை அன்று சாயங்காலம் நீயே குழம்பு வைத்தாய். நைனா மறுசோறு வாங்கினார். நாம் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நீ போன பிறகு பின்கட்டுக்கு வேறொரு குடும்பம் வந்தது. நல்லவர்கள்தான். நைனாவும் ஒரு தையில் போய்ச் சேர்ந்தார். நான் தெலுங்கு படித்துக்கொண்டேன், ஊர் ஊராக மாற்றலாகிக் கடைசியில் திருச்சானூரில் வந்து நின்றேன். நீ கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வருஷத்துக்கு ஒரு தரம் பத்மாவதி தாயாரைப் பார்க்க வருவாய். என்னைப் பார்க்கத்தான் வருகிறாய் என்று தாயாருக்கும் தெரிந்திருக்கும். போன ஆடியில் உன் மகன் போன் செய்தான். அவன் சொல்லி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணிடம், வெயிலுக்குத் தலையில் துணி கட்டிக்கொள், படகில் எழுந்து நிற்காதே என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போதும் வேடிக்கையாக எதைக் கேட்டாலும், உன்னிடம் எப்படிச் சொன்னால் நீ சிரிப்பாய் என்றுதான் மனம் முதலில் பார்க்கிறது. எங்கே நிறுத்த வேண்டும், யார் குரலில் பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துக்கொள்கிறேன். அதன் பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகத்துக்கு வருகிறது.