இடப்பக்க ஸ்பீக்கர்

மே 4, 2026, திங்கள்

காலையிலிருந்து இவருக்கு ஒரே பேச்சு. ஜூலையில் மகள் ஷார்லின் பாரீஸிலிருந்து கிளோயேவைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் நம் ஹால் தியேட்டராக வேண்டுமாம். பேத்தியோடு உட்கார்ந்து உலகக் கோப்பை பார்க்க வேண்டுமாம். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். முடிவு எடுத்துவிட்டால் கட்டளைதான்.

ஸ்பீக்கர் வாங்க சஃபியுல்லா கடைக்குப் போனோம். திருமலைராயன்பட்டினத்துப் பையன், என்னிடம் அறிவியல் படித்தவன். சரவுண்ட் என்றால் என்ன என்று இவர் அவனைக் கேட்க, நான் முந்திக்கொண்டேன்: கல்யாண மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்தால் மேளம் முன்னால் கேட்கும், பந்திச் சத்தம் பின்னால் கேட்கும், அதுதான்.

"டீச்சர், நீங்க கல்லாவுல உக்காந்துக்குங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றான்.

பழைய சுண்ணாம்புச் சுவரைத் துளைக்க எனக்கு மனமில்லை. அதனால் வயர்லெஸ். பெயர்தான் வயர்லெஸ், பின்னால் வைக்கிற இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனி பிளக் வேண்டும்! பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறானாம்.

மே 7

செட் வந்தது. பின்னால் இடப்பக்க ஸ்பீக்கர் பேசவில்லை என்கிறார். "எல்லாச் சத்தமும் வலப்பக்கமே வருது." சமையலறை வாசலில் நின்ற எனக்குக் கேட்டதே? நின்ற இடம் அப்படியோ என்னவோ. திருப்பி அனுப்பிவிட்டோம்.

மே 11

வேறு கம்பெனி. விலையும் கூட. அதே குறை.

மே 14

மூன்றாவது செட். சஃபியுல்லா தானே வந்து பொருத்தினான். மறுபடி இடப்பக்கம் கேட்கவில்லை என்றார்.

"சார், ஸ்பீக்கர்ல கோளாறு இல்ல. உங்க வீட்டு இடப்பக்கச் சுவர் மேல யாரோ கண்ணு வச்சிட்டாங்க."

"கேக்கலன்னா கேக்கலதான்!" என்று கத்தினார். வெளியாளிடம் குரல் உயர்த்துகிறவர் இல்லை இவர். சஃபியுல்லா என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

மே 17, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போது தள்ளாடினார். செருப்பு என்றார்.

மே 18

விளக்கு எரியவில்லை என்றால் பிள்ளைகள் பல்பைத்தான் குறை சொல்லும். அந்த பல்பை எரிகிற இடத்தில் போட்டுப் பார் என்பேன். இன்று அவர் கடைத்தெருவுக்குப் போனபோது அதைத்தான் செய்தேன். பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தேன். வந்து உட்கார்ந்தார். படம் போட்டேன். இடப்பக்கம் செத்துக் கிடக்கிறது என்றார்.

கண் கூசுகிறது என்று ஒரு பொய் சொல்லி, அவர் நாற்காலியை அப்படியே மறுபக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டேன். "இது என்ன கூத்து? செத்தது பொழச்சிக்கிச்சு, நல்லா இருந்தது செத்துப்போச்சு." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்.

ஸ்பீக்கர் இல்ல. ஸ்பீக்கரே இல்ல. மாதாவே — காது.

மே 19

எப்படிச் சொல்வது? காபி இடப்பக்க உதட்டோரம் வழிந்தது. அவருக்குத் தெரியவில்லை. துடைத்துவிட்டேன். குழந்தைக்குத் துடைப்பது போலத் துடைத்தும் அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 20

கடற்கரையில் நடக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"நாற்காலியத் திருப்பிப் போட்டியே, எதுக்குன்னு புரியாமலா இருக்கும் எனக்கு? பொங்கலுக்கு முன்னாடியே தெரியும், ஆன்தோனெத். வலது காதத் தலகாணியில வச்சுப் படுத்தா ஃபேன் நின்னு போயிடுது."

"அப்புறம் எதுக்குங்க இத்தன ஸ்பீக்கர்?"

"ஏதாச்சும் ஒண்ணுலயாவது கேக்கும்னு நெனச்சேன்."

கடல் அவருக்கு இடப்பக்கம் இருந்தது.

மே 27, புதுச்சேரி

ஸ்கேன். காது நரம்பில் கட்டி. எலுமிச்சம்பழம் அளவு இருக்குமாம், மூளைத்தண்டை நெருக்குகிறதாம். அடுத்த வாரமே எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர்.

"ஜூலை முடியட்டும் டாக்டர். பேத்தி வந்து கட்டுப் போட்ட தலையையா பாக்கணும்?"

"நீங்க சொல்லுங்கம்மா" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

அவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

மே 29

ஷார்லின் போன். "ஸ்பீக்கர் செட் ஆச்சாம்மா? பப்பா நல்லா இருக்காரா?" ஆச்சு என்றேன். நல்லா இருக்கார் என்றேன். அப்புறம் இவர் வாங்கி வலது காதில் வைத்துச் சிரித்துச் சிரித்துப் பேசினார். உதட்டில் பாதிதான் சிரித்தது.

ஜூன் 3

வாந்தி. தலைவலி. வெயில் என்கிறார். நானும் வெயில் என்றே எழுதுகிறேன்.

ஜூன் 6

மூன்றாவது செட்டையே வைத்துக்கொள்வதாக முடிவு. நாற்காலியை இடப்பக்கச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னார், ஸ்பீக்கர் எல்லாம் வலப்பக்கம் வரும்படி. "ஒத்தக் காதுக்கு இது போதும் தம்பி." சஃபியுல்லாவுக்கு அப்போதுதான் விளங்கியது. வாசலில் வந்து, "வெளாட்டுக்குப் பேசிட்டேனே டீச்சர். சாரை உடனே காட்டுங்க டீச்சர்" என்றான்.

காட்டியாகிவிட்டது என்று சொன்னேன். பிறகு ஏன் இன்னும் வீட்டில் இருக்கிறார் என்று அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொள்கிறேன். நாளை, நாளை என்று அவரிடம் பேச நினைக்கிறேன். பேத்தி பெயரை எடுத்ததும் அந்த முகம்...

ஜூன் 10

குளியலறையில் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ். மூளையில் நீர் கோத்துக்கொண்டதாம். ஷார்லினிடம் சொல்லிவிட்டேன். "ஏம்மா முன்னாடியே சொல்லல? ஏம்மா?"

ஜூன் 15, புதுச்சேரி

கட்டியை எடுத்துவிட்டார்கள். விழிக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது என்கிறார்கள். ஷார்லின் தனியாக வந்துவிட்டாள். கிளோயேவைக் கூட்டி வரவில்லை.

இருவரும் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனோம். குனிந்து, "என்னங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பெயரையும் சொன்னேன்: ழாக். ஷார்லின் "பப்பா" என்றாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "பேசுங்கம்மா, நிறுத்தாதீங்க" என்றாள்.

பேசிக்கொண்டிருக்கிறோம்.