ஒரு துண்டில் மட்டும் உப்பு

“ஏனுங்க டீச்சர், ஒரே ஒரு துண்டுல மட்டும் உப்புப் போட்டுக் குடுத்தா என்னங்க ஆயிரப்போகுது?”

என் சமையலறை வாசலில் மர ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நீ கேட்டாய். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். தெரியாததை நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளி வைத்து, மறுநாள் மறக்காமல் சொல்லியும் இருக்கிறேன். உனக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை அலமாரியிலிருந்த சிவப்பு மூடி ஜாடியைத் திறந்தேன். வறுத்த மிளகாய், நம் மலை மிளகு, சீரகம், காய்ந்த பூண்டு எல்லாம் சேர்ந்த உன் பொடியின் வாசனை மேலே வந்தது. பழைய பொடி, காரம் இறங்கிப் போயிருந்தது. வாசனை இறங்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், அடுப்பில் வைத்த தண்ணீர் பாதி வற்றிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

எல்லாம் உன் மகளால் ஆரம்பித்தது. சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள், ஒரு விடுமுறைக்கு எட்டுத் தோழிகளை மலைமேல் நம் வெள்ளக்கடைக்குக் கூட்டிவந்துவிட்டாள். வந்தவர்கள் ஏரிக்கரைக் கடைகளில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, சாயங்காலத்துக்குக் காரமாக சீஸ் ஃப்ரைஸ் வேண்டும் என்று கேட்டார்கள். நீ வேலியைத் தாண்டி என்னிடம் வந்தாய். நானும் அதை ஒரே ஒரு முறைதான் தின்றிருந்தேன். அந்தத் தைரியத்தில் இருவரும் மூன்று கிலோ உருளைக்கிழங்கை நறுக்கி அப்படியே எண்ணெயில் போட்டோம். வெந்தது, ஆனால் துவண்டுபோய்க் கிடந்தது. அதன் தலையில் சீஸைத் துருவிப் போட, அது கட்டி கட்டியாக நின்றது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், தின்றுவிட்டார்கள். உனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கூடைக் கிழங்கோடு வந்து நின்றாய்.

நான் வகுப்பெடுப்பதுபோல் ஆரம்பித்தேன். ஈரமான கரும்பலகையில் சாக்பீஸ் எழுதுமா? எழுதாது. அதுபோல, ஈரக் கிழங்கில் எண்ணெய் தன் வேலையைச் செய்யாது, முதலில் தண்ணீரை விரட்டுவதிலேயே அதன் சூடு போய்விடும் என்றேன். நீ காபி எஸ்டேட் களத்தில் கொட்டை காயவைத்தே வயதானவள். என்னைப் பாவமாகப் பார்த்தாய்.

“இதுக்கு எதுக்குங்க கரும்பலகை? ஈரக் கொட்டைய மூட்டை கட்டுனா எங்க எஸ்டேட்டுக் கணக்கு ரைட்டர் சும்மா உடுவாருங்களா?”

அதோடு பாடம் கைமாறிவிட்டது. விரல் தடிமனில் நறுக்கி, கழுவின தண்ணீர் தெளியும்வரை அலசினாய். கொதிநீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, பழைய வேட்டியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பினாய். வெளியே பனிமூட்டம். மூன்று நாளாக என் சேலையே காயவில்லை. நீ மின்விசிறியைச் சுழலவிட்டு, களத்தில் கொட்டையைப் புரட்டுவதுபோல் உள்ளங்கையால் கிழங்கைப் புரட்டினாய். பிறகு மிதமான சூட்டு எண்ணெயில் நிறம் மாறாமல் ஒரு வேக்காடு. எடுத்து ஆறவைத்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இன்னொரு வேக்காடு.

களத்தில் கொட்டை காய்ந்ததா என்று நீ கடித்துத்தான் பார்ப்பாயாம். இங்கேயும் அப்படியே. ஒரு துண்டைப் பாதி கடித்து, மீதியை என் வாய்க்கு நேரே நீட்டினாய். நான் ஒரு நொடி தயங்கினேன். அதை நீ பார்த்துவிட்டாய்.

“ஏனுங்க, டீச்சர் வாய்க்கு எச்சில் ஆகாதுங்களா?”

வாயைத் திறந்தேன். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மாவுபோல மெத்து.

அதன்பிறகு வருடா வருடம் பொங்கல் கழிந்த ஞாயிறு நம் சந்துக்கு அதுதான் விருந்து. முப்பது பேருக்குக் குறையாது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சூடாகக் கொடுக்க, முதல் வேக்காட்டைக் காலையிலேயே முடித்துவிடுவோம். இரண்டாவது வேக்காடு எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான். வெண்ணெயில் கொஞ்சம் மைதாவை வாசனை வர வறுத்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிண்டி, அடுப்பை அணைத்த பிறகு துருவிய சீஸைச் சேர்ப்பது என் பொறுப்பு. அகலத் தாம்பாளத்தில் ஒரு அடுக்குக் கிழங்கு, ஒரு கரண்டி சீஸ், வெங்காயம், பச்சைமிளகாய், மறுபடியும் கிழங்கு என்று நீ அடுக்குவாய். மேலே மட்டும் ஊற்றினால் முதலில் வருகிறவன் சீஸைத் தின்பான், கடைசியில் வருகிறவன் கிழங்கைத் தின்பான் என்பாய். உப்பைத் தனியாகப் போடும் பழக்கமே உனக்கில்லை. பொடி அரைக்கும்போதே சேர்த்துவிடுவாய். அந்தப் பொடி நீல மூடி ஜாடியில் இருக்கும்.

பிறகு உன் கால்கள் வீங்கின. டாக்டர் உப்பைத் தொடவே கூடாது என்றார். உனக்காக உப்பில்லாமல் ஒரு பொடி அரைத்து சிவப்பு மூடி ஜாடியில் வைத்தேன். ஒரு வருடம் உன் சாப்பாடு பெரும்பாலும் என் கையால்தான் நடந்தது. குழம்பு, ரசம், பொரியல், எதிலும் உப்பில்லை. நீ மிச்சம் வைக்காமல் தின்றாய். ஒரு நாள் மட்டும்தான், பத்தே பத்துத் துண்டு வறுத்துத் தட்டில் வைத்தபோது, அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

உடம்பு தேறட்டும், உப்பும் காரமுமாகச் செய்து நம் சந்தில் எல்லோரையும் கூட்டி, முதல் துண்டை உனக்குத் தருகிறேன் என்றேன்.

“டீச்சர் சொன்னாச் சரிங்க” என்றாய். பத்துத் துண்டையும் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாய். அந்த வாரமே உன்னைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ மலையேறித் திரும்பி வரவில்லை.

டாக்டர் சொன்னது சரி. நான் செய்ததும் சரி. சரியாகச் செய்தவளுக்கு அந்த ஸ்டூலைத் தாண்டிப் போக ஏன் கால் வரவில்லை? அதைத் தூக்கிக் கிடங்கில் போட்டேன். வெறும் வாசலைப் பார்ப்பது அதைவிட மோசமாக இருந்தது. இரண்டாம் நாளே எடுத்துவந்து பழைய இடத்தில் போட்டேன். எண்ணெய் சலசலக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து பார்ப்பது தெரிகிறது. நான் திரும்புவதில்லை.

நீ போன முதல் வருடப் படையலுக்கு அந்தச் சீஸ் கிழங்கையே செய்து வையுங்கள் என்று உன் மகள் கேட்டாள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். படையலுக்கு வைப்பதை, இலையில் வைத்துக் கும்பிட்டு முடிக்கும்வரை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. நானும் பார்க்கவில்லை. ஒரு வருடம் பழகிய கை அலமாரியில் தானாகப் போய் எடுத்தது சிவப்பு மூடி ஜாடியை. எனக்கு அது தெரியவே இல்லை.

உன் வீட்டுக்காரர் ஓட்டின்மேல் காக்கைக்கு வைத்தார். காக்கை வந்தது. சோற்றைத் தின்றது, வடையைக் கவ்வி ஓரமாக வைத்துக்கொண்டது. கிழங்கை ஒரு கொத்துக் கொத்திக் கீழே போட்டுவிட்டுப் பறந்தது. மனசுல ஏதோ குறை வெச்சுட்டுப் போயிருக்குது என்று பின்னால் ஒரு பெண் மெல்லச் சொன்னாள். காக்கை தனக்குப் பிடிக்காததைக் கீழே போடும், அவ்வளவுதான் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள் கிழங்கை இலையோரம் ஒதுக்கினார்கள். உன் வீட்டுக்காரர் மட்டும் என் சமையலறைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“டீச்சர், உப்பு இல்லீங்க.”

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். நீ ஒரு வருடம் தின்றது அதுதான். செத்த பிறகும் அதையே தின்னவைத்துவிட்டேன்.

இன்று இரண்டாம் வருடம். நேற்றே புதுப்பொடி அரைத்து, உப்புச் சேர்த்து, நீல மூடி ஜாடியை நிரப்பிவிட்டேன். அப்படியிருந்தும் இன்று காலை என் கை சிவப்பு மூடிக்குத்தான் போனது. அதைத் திறந்து நின்றதைத்தான் மேலே எழுதினேன்.

உன் வீட்டில் முப்பது பேர் வந்து உட்கார்ந்தாயிற்று. இரண்டாவது வேக்காடு எடுத்த சூட்டிலேயே பொடியைத் தூவிக் குலுக்கினேன். ஒன்றை எடுத்தேன். உன் மகளும் அவள் அப்பாவும் படையல் இலையோடு வந்து என் சமையலறை வாசலில் காத்திருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்கவே பாதியைக் கடித்தேன். உப்பு இருந்தது. உன் மகள் பதறி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மீதிப் பாதியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவர் உள்ளே வந்து இலையை நீட்டினார்.

“அதையே வெய்யுங்க டீச்சர். அவ கடிச்சுக் குடுத்ததைத் தின்னவங்கதானுங்க நீங்க.”

முதல் துண்டாக அந்தப் பாதியைத்தான் உன் இலையில் வைத்தேன். காக்கை வந்ததா என்று நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை. ஸ்டூல் இன்னும் என் சமையலறை வாசலில்தான் இருக்கிறது. உன் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இந்த அடுப்பங்கரையில் நடமாடுகிறேன்.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எத்தனை பேருக்குச் செய்தாலும், எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே உப்பைத் தூவி, தாம்பாளத்தை வெளியே எடுத்துப் போகுமுன் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள்.