ஜெஸ்லினுக்கு ஒற்றை கார்டு

ஜெஸ்லின்,

நேற்று கூடத்தில் நான், உன் அம்மா ஹில்டா, கிளமென்ட் மாமா, நீ, நால்வரும் இருந்தோம். தன் மகனுடைய கேம் கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு இரண்டு என்று மாமா பெருமையடித்தார். உன் கம்ப்யூட்டருக்கும் இரண்டு வாங்குகிறேன் என்றேன்.

"எனக்குப் பெரிய கார்டா ஒண்ணு போதும்ப்பா" என்றாய்.

"ஏளா, படகுக்கே ரெண்டு இன்ஜின் வைக்கிற குடும்பம் நாம" என்று அதட்டினேன்.

காலையில் கடையில் விசாரித்தேன். படகில் ஓர் இன்ஜின் நின்றால் மற்றது கரை சேர்க்கும். இன்றைய கேம்களோ இரண்டாவது கார்டைத் தொடுவதே இல்லையாம். அது சும்மா கரண்டைத் தின்னுமாம். நீ சொன்ன பெரிய கார்டையே வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன்.

சீலா மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடு.

மாமா சாயங்காலம் வருவார். நீயே விளக்கிச் சொல். நான் குறுக்கே பேசமாட்டேன்.

மறந்துவிட்டேன்: மாமா வெளியே சொன்னாரோ என்னவோ, வசதியில்லாமல்தான் நீ ஒன்று கேட்டாய் என்று தெருவில் பேச்சு. அது பொய். என் மகளுக்கு விவரம் தெரியும். அதனால் ஒன்று கேட்டாள்.

அப்பா