காலியாக நின்ற மைக்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெங்களூர் வித்வான் ஆனந்த் அவர்களுக்கு, மாண்டலின் வாசிக்கும் இளம்பரிதி எழுதுவது.

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாய், போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

குருபரப்பள்ளி கல்யாண வரவேற்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, பெரிய பேண்டில் கூப்பிட்டுவிட்டார்கள், மன்னித்துவிடு என்று ஒரு வரி அனுப்பினாய். ஐந்து வருடம் சேர்ந்து வாசித்ததற்கு ஒரு வரி. அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டி பெங்களூர் போனால் ஆளே மாறிவிடுமா? உன் பேஞ்சோவையும் என் மாண்டலினையும் பிரவீனாவின் வயலினையும் டிரம்ஸோடு சேர்த்து ராக் வாசிக்கலாம் என்று, ஷிப்ட் முடிந்து வந்த என்னைத் தூங்கவிடாமல் இழுத்தவன் நீதானே?

நீ, நான், பிரவீனா மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்க வேண்டும், யார் முறையோ அவர் முன்னால் வர மற்ற இருவரும் பின்னால் போக வேண்டும் என்று சட்டம் போட்டதும் நீதான். தனித்தனி மைக் வைக்கலாம் என்ற டிரம்மர் மாதேஷிடம், அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே மாட்டோம் என்று சண்டைக்குப் போனாய். புது பேண்டின் வீடியோவைப் பார்த்தேன். உனக்கென்று தனி மைக். யாரையும் நீ பார்க்கவில்லை.

குருபரப்பள்ளியில் என்ன நடந்தது தெரியுமா? உன் இடத்தை பிரவீனா வயலினில் நிரப்புவதாக மூன்று நாளும் பயிற்சி செய்திருந்தோம். மேடையில் உன் முறை வந்ததும் பழக்கதோஷத்தில் இருவருமே பின்னால் போய்விட்டோம். எட்டுத் தாளச் சுற்று முடியும் வரை மைக் முன்னால் ஆளில்லை. மாதேஷ் மட்டும் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். மைக் போய்விட்டது என்று நினைத்து சவுண்டு சர்வீஸ்காரர் மேடையேறி ஒயரை ஆட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கீழே இறங்கியதும் பிரவீனா அழுதாள். உன் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அடுத்த மாதம் கிருஷ்ணகிரி மாங்கனி கண்காட்சியில் நமக்கு மேடை கிடைத்திருக்கிறது. நீ எழுதிப் போட்ட விண்ணப்பம்தான். வேறு ஆளைப் பார்க்கலாம் என்கிறான் மாதேஷ். முடியாது என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் உன் இடத்தில் இன்னொருவனை நிறுத்த மனம் வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. விரல்களைப் பார்த்துக்கொள். கண்காட்சியிலும் உன் முறை வரும்போது நானும் பிரவீனாவும் பின்னால் போவோம். இந்த முறை தெரிந்தேதான் போவோம். மைக்கைக் காலியாக விட்டுவிடாதே.

இப்படிக்கு,
இன்னமும் உன் நண்பன்,
இளம்பரிதி