அம்மாவின் பேர் போட்ட சீட்டு

ஜூலை 4

அம்மா மூன்று மணிக்கு எழுந்து மொத்தச் சந்தைக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும். போர்வைக்குள் போன் வெளிச்சம்.

கேமரா வாடகை இரண்டு நாளைக்கு 480 சோல். பழைய மினி பஸ் அரை நாளைக்கு 200. என்னிடம் இருப்பது 61. ஆகஸ்ட் 8-க்குள் குறும்படத்தை ஒப்படைக்காவிட்டால் இந்தப் பருவம் தோல்வி. தோற்றால் பாதிக் கட்டணச் சலுகை போய்விடும். மீதிப் பாதியையே அம்மா உருளைக்கிழங்கு விற்றுத்தான் கட்டுகிறாள். லிமாவில் இத்தனை பேர் எதை எதையோ படிக்கிறார்கள். எனக்கு ஏன் சினிமா?

ஜூலை 7

என் வகுப்பு ஹெர்சன் ஒரு யோசனை சொன்னான் — கோழி விருந்து. சீட்டு அச்சடித்து முன்னாலேயே விற்பது, ஞாயிற்றுக்கிழமை கோழி பொரித்துப் போடுவது, மிஞ்சுவது நமக்கு. செலவு போக எழுநூறாவது நிற்குமாம். எங்கள் குன்றுக் குடியிருப்புகளில் எல்லோரும் செய்வதுதான்.

அச்சுக்கடைக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

யாருக்கும் இல்லை, படம் எடுக்கிறோம் என்றேன். அப்போதுதான் பார்த்தார்.

"படத்துக்கெல்லாம் எவன் பாப்பா பதினஞ்சு சோல் குடுத்து கோழி திம்பான்? 'மருத்துவச் செலவுக்காக'ன்னு ரெடியாவே வச்சிருக்கேன். பேரையும் நோயையும் மட்டும் சொல்லு."

ஹெர்சன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். செனோபியா வில்கா. சிறுநீரகம்.

அம்மா பேர். வேறு பேரே கிடைக்கவில்லையா எனக்கு?

ஜூலை 9

நூறு சீட்டு. எங்கள் தெருவில் விற்கவில்லை. பின்பக்கக் குன்றில், ஹெர்சன் வீட்டுப் பக்கம். அங்கே அம்மாவை யாருக்கும் தெரியாது.

ஜூலை 13

எழுபத்தெட்டு போய்விட்டது. நீல வீட்டு அக்கா சீட்டே வேண்டாமென்று இருபது சோலைக் கையில் திணித்தாள். "எங்கம்மாவும் கிட்னியிலதான் போனாங்க. நீ தைரியமா இரு தங்கம்."

தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது நடிப்பா? தெரியவில்லை.

ஜூலை 20

படப்பிடிப்பு முடிந்தது. காலைத் தூறலில், பஸ் படியில் தொங்கியபடி ஊர்ப்பேர்களைக் கத்தும் கண்டக்டர் பெண். ஓடும் பஸ்ஸில் சில்லறை எண்ணும் அவள் விரல்கள். அந்தக் காட்சியைத் திரையில் போட்டுப் பார்த்தபோது பயமெல்லாம் எங்கோ போயிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "மூட்டை தூக்கினதுல புடிச்சுக்கிச்சு" என்றாள்.

சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று போனில் தேடினேன். அங்கேதான்.

நோயின் பேரைச் சொன்னாலே வந்துவிடும் என்பாள் அம்மா. நான் அச்சடித்தே கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 24

தெரிஞ்சுபோச்சு.

அம்மா சந்தையிலிருந்து வந்து சீட்டை மேசையில் வைத்தாள். பக்கத்துக் கடை உபால்தினா அத்தை கொடுத்ததாம். அவள் தங்கை பின்பக்கக் குன்றில்தான் இருக்கிறாளாம். எனக்கு எப்படித் தெரியும்?

"எனக்குக் கிட்னி போயிடுச்சாமே. உபால்தினா கட்டிப் புடிச்சு அழுவுறா. நாலு கிலோ கிழங்கு வாங்கிட்டு மீதிச் சில்லறைய வாங்க மாட்டேங்கறா."

நான் சீட்டில் இருந்த அவள் பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறடி. எதுக்கு?"

படத்துக்கு என்றேன்.

"என்னைய சாகடிச்சுத்தான் படம் எடுப்பியா?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஐயோ, என்ன பண்ணப் போறேன் நான்? ஞாயித்துக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. காசு கேமராவுக்கும் பஸ்ஸுக்கும் போயாச்சு. மிச்சத்துக்குக் கோழி சொல்லியாச்சு. திருப்பிக் குடுக்க ஒண்ணுமே இல்ல.

ஜூலை 25

அம்மா சூப்பை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஜூலை 27

ஹெர்சன் வீட்டு முற்றத்தில் கரியடுப்பு, வாடகை ஸ்பீக்கர், கடன் வாங்கிய நாற்காலிகள். பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. தோளில் பூப்போட்ட போர்வை, சீவாத தலை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்தார்கள்.

"எப்பிடிக்கா இருக்கு இப்ப?"

"இருக்கேம்மா. இன்னிக்குக் கொஞ்சம் தேவல."

குரல்கூட வேறு யாருடையதோ. என் கண்டக்டர் பெண்ணுக்கு ஆறு டேக் ஆனது. பொய் சொன்னால் நாக்கில் சூடு என்று என்னை வளர்த்தவளுக்கு ஒன்று போதுமாக இருந்தது. அவள் பக்கம் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்தே நின்றேன். முழங்கையில் எண்ணெய் தெறித்து இரண்டு கொப்புளம். நல்லது.

திரும்பும்போது படிக்கட்டில் சொன்னாள்: "கோழி வாங்கியாச்சு, சனம் வந்துருச்சு, அதான் உக்காந்தேன். உன் படத்தக் குடுத்துட்டு வா. அப்புறம் ஒவ்வொரு வீடா நீயே போய்ச் சொல்லணும். என் வாயால சொல்ல மாட்டேன்."

ஆகஸ்ட் 8

ஒப்படைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24

படத்துக்கு இருபதுக்குப் பதினான்கு மதிப்பெண். சலுகை தப்பியது. அம்மாவிடம் சொன்னேன். "சரி, செருப்பப் போடு" என்றாள்.

இதுவரை பதினாறு வீடு. ஒருவர் சிரித்துவிட்டு, படத்தை எப்போது காட்டுவாய் என்றார். ஒருவர் பதினைந்து சோலைத் திருப்பிக் கேட்டார். "தின்ன கோழி வேற, சொன்ன பொய் வேற" என்றார். அவருக்கு வாராவாரம் மூன்று சோலாகக் கொடுப்பதாகப் பேச்சு. நீல வீட்டு அக்கா முழுவதையும் கேட்டாள். நான் நீட்டிய இருபதை வாங்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

இன்னும் எழுபதுக்கு மேல் இருக்கிறது. கதவைத் தட்டுவது பழகவே இல்லை.

எல்லா வீட்டுக்கும் அம்மா கூட வருகிறாள். வாசல்வரை வருவதில்லை. படிக்கட்டின் அடியில் நின்றுகொள்கிறாள், நிமிர்ந்து — கதவைத் திறக்கிறவர்களின் கண்ணில் படுகிற இடத்தில்.