மூச்சு விடுறதுக்கு ஒரு படிப்பா?

போடிநாயக்கனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அருமைப் பேத்தி அருணாவுக்கு, அப்பத்தா ஜக்கம்மாள் ஆசையோடு எழுதுவது. மஸ்கட்டில் வெயில் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு.

போனில் பேசினால் நான் அழுவேன், நீயும் அழுவாய், கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி அருள்பாண்டி இதைப் படம் பிடித்து அனுப்புவான். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

உன் அப்பாவுக்கு நிமோனியாக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் தேனி ஆஸ்பத்திரியில் இன்னும் வாயில் குழாயோடு அந்த வென்டிலேட்டரில்தான் கிடக்கிறான். நீ படித்தது இந்த மிஷினைப் பற்றித்தானே? பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. நாம் நெஞ்சை விரித்துக் காற்றை இழுக்கிறோம். இது காற்றை உள்ளே தள்ளுகிறது. வெளியே வருவது தானாக வருகிறதாம்.

உன் படிப்பையே படித்த இனியவன் என்ற பிள்ளை அங்கே வேலை பார்க்கிறான். மூச்சு வெளியே போனபிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்றை மிஷின் நிறுத்தி வைக்கும் என்றான். ஏன் என்று விடாமல் கேட்டேன். முழுக்கச் சுருங்கிவிட்டால் மறுபடி விரிக்க ரொம்ப விசை வேண்டுமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. போடிமெட்டு வளைவில் லோடு ஜீப்பை முழுசாக நிறுத்திவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு என்று உன் அப்பா சொல்லிச் சொல்லி என் காது புளித்திருக்கிறதே! என் பேத்தியும் வெளிநாட்டில் இதே வேலைதான் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன், வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்குக்கூட.

முதலில் எல்லா மூச்சையும் மிஷினே கொடுத்தது. இப்போது அவன் ஒரு மூச்சைத் தொடங்கினால் அதைக் கண்டுகொண்டு கூடவே தள்ளிக் கொடுக்கிறது. அவனாகத் தொடங்கும் மூச்சுக்குத் திரையில் சின்னதாக ஒரு குறி வரும். நான் அதையேதான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இடையில் மிஷின் தள்ளும்போது இவன் இருமி எதிர்த்துத் தள்ளினான், அலாரம் கத்தியது. "வீட்ல பண்ற மல்லுக்கட்டைத்தான் இங்கயும் பண்றாரு" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று ஒரு கூத்து. என் நாத்தனார் ராக்கு முந்தானைக்குள் ஒளித்துப் பால் கொண்டுவந்துவிட்டாள். உன் அப்பாவின் உயிர் எப்போதோ போய்விட்டது, மிஷின்தான் மூச்சு விடுகிறது, கடைசிப் பால் ஊற்றாவிட்டால் உயிர் இழுத்துக்கொண்டே கிடக்கும் என்று அவளுக்கு நினைப்பு. கையைப் பிடித்து நிறுத்தி, திரையில் அந்தக் குறியைக் காட்டினேன். "இந்தா பாரு, இது ஒன் அண்ணன் மகன் விடுற மூச்சு. பாலை நீயே குடி" என்றேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே குடித்தாள், பாவம்.

மாப்பிள்ளையாகப் பேசி வைத்த ஜெகதீஷைக் கட்ட மாட்டேன், படிக்கத்தான் போவேன் என்று நீ கிளம்பிய அன்று, "மூச்சு விடுறதுக்கு ஒரு படிப்பா?" என்று உன் அப்பா கேட்டான். அதிலிருந்து உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். இப்போது எழுந்து போக முடியாது. குழாய் குரல்வளை வழியாகப் போவதால் பேச்சும் வராதாம். காது நன்றாகக் கேட்குமாம், இனியவன் சொன்னான். மயக்க மருந்தையும் குறைத்துவிட்டார்கள். நேற்று காதருகே உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தான்.

நாளைக் காலையில் மிஷினின் உதவியைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறானா என்று பார்க்கப்போகிறார்கள். தாக்குப்பிடித்தால் குழாயை எடுப்பார்கள். இல்லையென்றால் தொண்டையில் துளை போட வேண்டி வருமாம். நாளைக் காலையில் மிஷினைக் குறைப்பதற்கு முன்னால் நீ போன் போடு, தாயி. அருள்பாண்டி அவன் காதில் வைப்பான். என்ன பேசுவது என்று குழம்பாதே. குழாயோடு இருப்பவர்களுக்கு எப்படி மூச்சு விட வேண்டும் என்று அங்கே சொல்வாய் அல்லவா, அதையே அவனுக்கும் சொல்.

குழாயை எடுத்தபிறகு அவன் உன்னைத் திட்டினால் திட்டட்டும். அந்தக் குரலைக் கேட்கத்தானே நாங்கள் எல்லாரும் வாசலில் காத்துக் கிடக்கிறோம். நீ நூறு வருஷம் நல்லா இரு.

இப்படிக்கு,
உன் அப்பத்தா
ஜக்கம்மாள்.